பட்ஜெட் இயர்பட்ஸ் மக்கர் பண்ணுதா? கோளாறு எங்கன்னு அறிகுறியை வச்சே பிடிக்கலாம்

ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள வர்ற இயர்பட்ஸ்ல இருக்கற பெரிய கஷ்டம் என்னன்னா, அதை யாரும் ரிப்பேர் பண்ணித் தர மாட்டாங்க. எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டியிருப்பாங்க, உள்ள 40, 50 எம்ஏஹெச்ல துளியூண்டு பேட்டரி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே தூக்கிட்டுப் போனாலும் புதுசு வாங்கிக்கோங்கன்னுதான் பதில் வரும். அதனால சின்னதா ஏதாவது ஆனாலே "போச்சு"ன்னு முடிவு பண்ணி டிராயர்ல போட்டுடறாங்க, அடுத்த ஆஃபர்ல இன்னொண்ணு ஆர்டர் பண்றாங்க. ஆனா செத்துப்போச்சுன்னு சொல்லி என்கிட்ட கொண்டுவந்து குடுக்கற பட்ஸ்ல பாதிக்கு மேல சாகவே இல்ல. அழுக்கு, டிப்ஸ் (காதுக்குள்ள போற ரப்பர் முனை) சைஸ், போன் செட்டிங்ஸ், சுத்தி இருக்கற சிக்னல் நெரிசல், இந்த நாலுல ஏதோ ஒண்ணுதான். மிச்சம் இருக்கறது நிஜமாவே கெட்ட பீஸ். அதை ரிட்டர்ன் டைம் முடியறதுக்குள்ள கண்டுபிடிச்சாகணும், இல்லன்னா காசு போச்சு. எது எந்த வகைன்னு வீட்லயே எப்படி பிரிச்சுப் பாக்கறதுன்னுதான் கீழ எழுதியிருக்கேன்.

எந்தக் கோளாறா இருந்தாலும் முதல் வேலை ஒண்ணேதான், வேற ஒரு போன்ல கனெக்ட் பண்ணிப் பாருங்க. அந்தப் போன்லயும் அதே பிரச்னைன்னா பட்ஸ் மேல சந்தேகம், அதுல நல்லா இருக்குன்னா உங்க போன் செட்டிங்ஸ் மேல சந்தேகம், வீட்ல ரெண்டுலயும் நல்லா இருந்து ஸ்டேஷன்லயோ ஆபீஸ்லயோ மட்டும் படுத்துதுன்னா அது சிக்னல். அப்புறம் ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. ரீசெட், ஆப் அப்டேட், டிப்ஸ் மாத்தறது எல்லாத்தையும் ஒரே மூச்சுல பண்ணிட்டா சரியாகும்தான், ஆனா எதனால சரியாச்சுன்னு தெரியாது, அடுத்த வாரம் திரும்ப வந்தா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

ஒரு பக்கம் சுத்தமா கேக்கல

அதிகமா வர்ற புகார் இதுதான். ரெண்டு பட்ஸையும் கேஸ்ல போட்டுட்டு ரெண்டுலயும் லைட் எரியுதான்னு பாருங்க. கேக்காத பக்கம் லைட்டே வரலன்னா அது சவுண்ட் பிரச்னை இல்ல, சார்ஜ் பிரச்னை, நேரா சார்ஜ் பகுதிக்குப் போயிடுங்க. புது பட்ஸ்னா இன்னொண்ணும் கவனிங்க, பட்ஸோட சார்ஜிங் பாயிண்ட் மேல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவாங்க. கண்ணுக்கே சரியா தெரியாது, அதை உரிக்காம கேஸ்ல போட்டா எத்தனை மணி நேரம் வச்சாலும் சார்ஜ் ஏறாது.

லைட் வருது, ஆனா ஒண்ணுதான் பாடுதுன்னா ரெண்டு பட்ஸும் ஒண்ணுக்கொண்ணு தொடர்பு விட்டுப் போயிருக்கு. போன்ல ப்ளூடூத் லிஸ்ட்ல அந்த பேரை எடுத்துட்டு 'ஃபர்கெட்' குடுங்க. இதுக்கு முன்னாடி கனெக்ட் பண்ணியிருந்த லேப்டாப், டிவி, வீட்ல இருக்கறவங்க போன், அங்கல்லாம் கூட ப்ளூடூத்தை ஆஃப் பண்ணிடுங்க, ஏன்னா நீங்க ரீசெட் பண்ற அதே நேரத்துல பழைய டிவி ரெண்டு பட்ஸ்ல ஒண்ணை மட்டும் இழுத்துக்கும், இது நிறைய பேருக்கு நடக்குது, ஆனா யாருக்கும் தோணாது. அப்புறம் ரீசெட். சில மாடல்ல கேஸ் பட்டனை பத்து செகண்ட் மாதிரி அழுத்திப் பிடிக்கணும், சில மாடல்ல ரெண்டு பட்ஸோட டச் இடத்தையும் சேர்த்துப் பிடிக்கணும், உங்க மாடலுக்கு எதுன்னு டப்பாவுல வந்த சின்ன பேப்பர்ல இருக்கும். ரீசெட் ஆனதும் ரெண்டையும் கேஸ்ல இருந்து ஒண்ணா வெளிய எடுங்க, அதுங்க ரெண்டும் முதல்ல தங்களுக்குள்ள சேர்ந்துக்கட்டும், சில செகண்ட் விட்டு போன்ல தேடுங்க. லிஸ்ட்ல ஒரே பேர் ரெண்டு தடவை வருதுன்னா இன்னும் சேரலன்னு அர்த்தம், மறுபடி கேஸ்ல போட்டு எடுங்க.

ரீசெட் பண்ணியும் அதேதான்னா, லெஃப்ட் ரைட் டெஸ்ட் வீடியோ ஒண்ணு யூடியூப்ல போட்டுப் பாருங்க. அதோட போன்ல ஆக்சஸிபிலிட்டிக்குள்ள ஆடியோ பேலன்ஸ்னு ஒரு கோடு இருக்கும், அது நடுவுல இருக்கணும். குழந்தைங்க கையில போன் போற வீடுன்னா இதை நிச்சயமா பாருங்க. அதுவும் நடுவுலதான் இருக்கு, வேற போன்லயும் அந்தப் பக்கம் கேக்கலன்னா அது ஹார்டுவேர்தான், வாரண்டிக்கு அனுப்புங்க, அதுக்கு மேல நோண்டாதீங்க.

ஒரு பக்கம் சத்தம் கம்மி, நாளுக்கு நாள் இன்னும் கம்மியாகுது

நாளுக்கு நாள் கொறையுதுங்கற அந்த ஒரு தகவலே போதும், பத்துக்கு ஒம்பது இது காது குறும்பி. சவுண்ட் வெளிய வர்ற வாயில மெல்லிசா ஒரு வலை இருக்கும், அதுல குறும்பியும் எண்ணெயும் சேர்ந்து ஒரு படலமா அடைச்சுக்கும். டார்ச் அடிச்சுப் பாத்தா வலையோட ஓட்டைங்க பளபளன்னு இருக்கணும், மஞ்சளா மங்கலா இருந்தா அடைப்பு. மனுஷனுக்கு ரெண்டு காதுலயும் ஒரே அளவு குறும்பி சுரக்காது, அதனால ஒரு பக்கம் மட்டும் அடைக்கறது சகஜம்தான்.

டிப்ஸை கழட்டி தனியா சோப்புத் தண்ணில கழுவுங்க, நல்லா காயட்டும். இயர்பட்டை, அதோட வலை கீழ பாக்கற மாதிரி தலைகீழா பிடிச்சுட்டு, மெத்துன்னு இருக்கற காஞ்ச டூத் பிரஷ்ஷால லேசா தேயுங்க. கீழ பாக்கணும்ங்கறது ரொம்ப முக்கியம், மேல பாக்க வச்சு தேய்ச்சா அழுக்கு டிரைவர் (சவுண்ட் உண்டாக்கற குட்டி ஸ்பீக்கர்) மேலயே போய் உக்காந்துக்கும். ஒட்டிக்கிட்டு வரலன்னா சுவத்துல போஸ்டர் ஒட்டற அந்த களிமண் மாதிரி பசை இருக்குல்ல, அதை அழுத்தி அழுத்தி எடுத்தா படலம் அதோட வந்துடும். ஊசி, சேஃப்டி பின், இதெல்லாம் வேண்டவே வேண்டாம், வலை கிழிஞ்சா அப்புறம் குறும்பி உள்ள போறதை எதுவும் தடுக்காது, பட் சீக்கிரம் போயிடும். சானிட்டைசர் ஊத்தறது, வாயால ஊதறது ரெண்டும் ஈரத்தை உள்ளதான் தள்ளும்.

சுத்தம் பண்ணியும் சத்தம் ஏறலன்னா ரெண்டு பட்ஸையும் இடம் மாத்தாம டிப்ஸை மட்டும் மாத்தி மாட்டிப் பாருங்க. கொறைச்சல் டிப்ஸோட சேர்ந்து மாறினா அந்த டிப்ஸ்ல அடைப்போ கிழிசலோ இருக்கு. பட்லயே நின்னுட்டா ஒண்ணு டிரைவர் பழுது, இல்ல உங்க காதுக்குள்ளயே குறும்பி அடைச்சிருக்கலாம். எதுன்னு தெரிஞ்சுக்க வேற யாரையாவது அதே பட்ஸை மாட்டி கேக்கச் சொல்லுங்க, அவங்களுக்கு ரெண்டு பக்கமும் சமமா கேட்டுச்சுன்னா ஈஎன்டி டாக்டர்கிட்ட ஒரு தடவை காமிச்சுடறது நல்லது.

சார்ஜ் ஏறல

கேஸா பட்ஸான்னு முதல்ல பிரிங்க. கேஸ்ல கேபிள் சொருகினா கேஸ் லைட் வரணும். வரலன்னா கேபிளைத்தான் முதல்ல மாத்தணும், அதுவும் எந்த மாதிரி கேபிள்ங்கறது இங்க முக்கியம். விலை கம்மியான நிறைய கேஸ்ல டைப் சி ஓட்டை இருக்கும், ஆனா ரெண்டு பக்கமும் டைப் சி இருக்கற கேபிள்ல சார்ஜ் ஏறாது. சி சார்ஜர்ங்கறது எதிர்ப்பக்கம் ஒரு ரெசிஸ்டர் இருக்கான்னு பாத்துட்டுத்தான் கரண்ட் விடும், 5.1 கிலோ ஓம்ஸ் ரெசிஸ்டர், சில பைசா சாமான், அதை மிச்சம் பிடிச்சிருப்பாங்க. அதனால புது போனோட சி டு சி கேபிள்ல போட்டுட்டு கேஸ் செத்துடுச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க, பழைய மாதிரி அகலமான யூஎஸ்பி முனை இருக்கற கேபிள்ல ஒரு தடவை போட்டுப் பாருங்க.

பவர்பேங்க்ல போட்டா கொஞ்ச நேரத்துல நின்னுடுதுன்னாலும் பயப்பட வேண்டாம், கேஸ் இழுக்கற கரண்ட் ரொம்ப கம்மி, எதுவும் சொருகலன்னு நெனச்சு பவர்பேங்க் தானா ஆஃப் ஆயிடும். சில பவர்பேங்க்ல பட்டனை ரெண்டு தடவை தட்டினா கம்மி கரண்ட் மோடுக்குப் போகும். இல்லன்னா சாதாரண 5 வாட் சார்ஜர் போதும்.

கேஸ் நல்லா சார்ஜ் ஆகுது, பட் மட்டும் ஏறலன்னா அந்த சின்ன பித்தளை கலர் பின்னைப் பாருங்க. நம்ம ஊர் புழுக்கத்துல வேர்வை உப்பு அதுமேல காஞ்சு ஒரு படலம் விட்டுடும், சில நேரம் பச்சையா பாசி பிடிச்ச மாதிரி கூட ஆகும். பஞ்சு சுத்தின குச்சியில ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு பட்ல இருக்கற புள்ளியையும் கேஸ்ல இருக்கற பின்னையும் துடைங்க. மொபைல் சர்வீஸ் கடைல ஐபிஏன்னு கேட்டா குடுப்பாங்க, மெடிக்கல்லயும் கிடைக்கும். கேஸ்ல இருக்கற பின் ஸ்பிரிங் மேல நிக்குது, அழுத்தினா உள்ள போய் திரும்ப எழும்பணும், எழும்பாம உள்ளயே சிக்கிட்டிருந்தா குச்சியால லேசா அழுத்தி அழுத்தி விடுங்க.

தனியா வாங்கின பெரிய டிப்ஸ் இல்ல ஃபோம் டிப்ஸ் போட்டிருக்கீங்களா? அது தடுத்து பட் முழுசா கேஸ்ல உக்காராம ஒரு நூல் அளவு தூக்கிட்டு நிக்கும். மூடி சாத்தின மாதிரிதான் தெரியும், ஆனா உள்ள பட் போனோட கனெக்ட் ஆகியே கிடக்கும், ராத்திரி பூரா ஓடி காலைல ஜீரோ. கேஸ் மூடினதும் போன்ல டிஸ்கனெக்ட்னு வருதான்னு ஒரு தடவை பாத்தாலே இது தெரிஞ்சுடும்.

பாட்டு விட்டு விட்டு கேக்குது

வீட்ல ஒரு தடங்கலும் இல்ல, சென்ட்ரல்லயோ பார்க் ஸ்டேஷன்லயோ ட்ரெயினுக்கு நிக்கறப்ப மட்டும் வெட்டி வெட்டி வருதுன்னா பட்ஸ்ல கோளாறு இல்ல. ப்ளூடூத் ஓடறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, வைஃபையும் அதே இடம், மைக்ரோவேவ் அவனும் அதே இடம், பக்கத்துல நிக்கற அத்தனை பேரோட பட்ஸும் வாட்சும் அதே இடம். நொடிக்கு 1600 தடவை வரைக்கும் சேனல் மாத்தி மாத்தி தாவித்தான் ப்ளூடூத் இந்த நெரிசல்ல தப்பிக்குது, தாவறதுக்கு காலி இடமே இல்லன்னா வெட்டும். இந்த விலைல ஆன்டெனாவும் சின்னது, அதனால கொஞ்சம் முன்னாடியே வெட்ட ஆரம்பிச்சுடும்.

இன்னொரு முக்கியமான காரணம் நம்ம உடம்புதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை தண்ணி உறிஞ்சிடும், உடம்புல பெரும்பகுதி தண்ணி. போனை பின் பாக்கெட்ல இடது பக்கம் வச்சுட்டு, நேரடியா சிக்னல் வாங்கற பட் வலது காதுல இருந்தா சிக்னல் உடம்பைத் தாண்டித்தான் போகணும். போனை சட்டைப் பாக்கெட்டுக்கு மாத்துங்க, இல்ல எதிர்ப்பக்க பேன்ட் பாக்கெட்டுக்கு மாத்துங்க, உடனே வித்தியாசம் தெரியும். சுவரே இல்லாத வெட்டவெளி மைதானத்துல வீட்டை விட அதிகமா வெட்டுதேன்னு சில பேர் குழம்புவாங்க, வீட்ல சுவர்ல பட்டு திரும்பற சிக்னலும் பட்ஸுக்கு கிடைக்குது, மைதானத்துல திரும்பி வர சுவர் கிடையாது, உடம்பு மறைச்சா மறைச்சதுதான்.

வீட்லயே, அதுவும் டவுன்லோட் ஓடறப்ப மட்டும் வெட்டுதுன்னா போனை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாத்துங்க, பெரும்பாலும் அதோட முடிஞ்சுது. பட்ஸ்ல எல்டாக் (சவுண்டை சுருக்கி அனுப்பற ஒரு முறை) இருந்தா அது 990 கேபிபிஎஸ்ல ஓடிட்டு இருக்கலாம், நெரிசல்ல அவ்வளவு டேட்டாவை தள்ளறது கஷ்டம், 660 இல்ல 330க்கு இறக்கினாலோ ஏஏசிங்கற இன்னொரு முறைக்கு மாத்தினாலோ வெட்டறது நிக்கும். ரோட்ல நடக்கறவங்களுக்கு வெட்டாம கேக்கறதுதான் பெருசு, காகிதத்துல இருக்கற நம்பர் இல்லன்னு நான் நெனைக்கறேன். மியூசிக் ஆப்பை போன் பேட்டரி சேவர் அமுக்கறதாலயும் இப்படி ஆகும், ஸ்க்ரீன் ஆஃப் ஆனதும் கொஞ்ச நேரத்துல வெட்ட ஆரம்பிக்குதுன்னா அதுதான், அந்த ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துடுங்க.

வெட்டல, ஆனா திடீர்னு பாட்டே நின்னுடுது, கொஞ்ச நேரம் கழிச்சு வருதுங்கறது வேற பிரச்னை. ரெண்டு டிவைஸோட ஒரே நேரத்துல கனெக்ட் ஆகற பட்ஸ்ல லேப்டாப்ல ஒரு நோட்டிஃபிகேஷன் டிங்னு வந்தாலே சவுண்ட் அங்க தாவிடும். லேப்டாப் நோட்டிஃபிகேஷன் சவுண்டை ஆஃப் பண்ணுங்க, இல்ல வெளிய கிளம்பறப்ப லேப்டாப் ப்ளூடூத்தை ஆஃப் பண்ணுங்க.

போன் கால்ல நான் பேசறது அவங்களுக்கு சரியா கேக்கல

டப்பா மேல பெருசா "க்வாட் மைக் ஈஎன்சி"ன்னு போட்டிருப்பாங்க, அதைப் பாத்து நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஏஎன்சி வேற, ஈஎன்சி வேற. ஏஎன்சி வெளிய இருக்கற சத்தத்தை உங்க காதுக்கு கொறைக்கும், ஈஎன்சி உங்க பின்னாடி இருக்கற சத்தத்தை எதிர்ல பேசறவங்களுக்கு கொறைக்கும். ஈஎன்சி மட்டும் இருக்கற பட்ஸ்ல பஸ் சத்தம் உங்களுக்கு கொறையவே கொறையாது, அது பழுது கிடையாது, அந்த வசதியே அதுல இல்ல.

குரல் தெளிவில்லன்னா, ஃபேன் ஆஃப் பண்ணின அமைதியான ரூம்ல இருந்து தெரிஞ்சவங்களுக்கு கால் பண்ணி முதல் அரை நிமிஷம் பட்ஸ்ல பேசுங்க, அப்புறம் போன் மைக்ல பேசுங்க, எது தெளிவுன்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க. அமைதியான இடத்துலயே குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குன்னு சொன்னாங்கன்னா பட்ஸ் தண்டுல இருக்கற மைக் ஓட்டையைப் பாருங்க, பவுடர், சன்ஸ்க்ரீன், தாடி எண்ணெய், எல்லாம் அதை அடைக்கும். காஞ்ச பிரஷ்ஷால துடைங்க, எதையும் உள்ள விடாதீங்க. அமைதில நல்லா இருந்து ரோட்ல மட்டும் வார்த்தை முழுங்குதுன்னா அது ஈஎன்சி பண்ற வேலை, ஹாரனை வெட்டறப்ப உங்க குரலையும் சேர்த்து வெட்டுது. இந்த விலைல அதுக்கு முழுத் தீர்வு கிடையாது. காத்தடிக்கற இடத்துல, பைக் பின்னாடி உக்காந்துட்டு எல்லாம் தெளிவா கேக்கணும்னு எதிர்பாக்காதீங்க. முக்கியமான கால், இன்டர்வியூ, பேங்க் கால்னா போனைக் காதுல வச்சே பேசிடுங்க.

லேப்டாப்ல மீட்டிங் ஆரம்பிச்சதும் சவுண்ட் மட்டமாயிடுது

பாட்டு அருமையா கேட்டுட்டு இருக்கும், ஜூமோ டீம்ஸோ ஓப்பன் பண்ணின உடனே பழைய ரேடியோ மாதிரி ஆயிடும். ஆன்லைன் டியூஷன் எடுக்கற ஒரு அக்கா இதுக்காகவே ரெண்டு ஜோடி மாத்திட்டாங்க, ரெண்டுலயும் கோளாறு இல்ல. பழைய ப்ளூடூத்ல பாட்டுக்கு ஒரு ப்ரொஃபைல், அதுல ஸ்டீரியோ வரும், ஆனா மைக் கிடையாது. மைக் வேணும்னா கால் ப்ரொஃபைலுக்கு மாறணும், அதுல மோனோதான், சாம்ப்ளிங் 8 கிலோஹெர்ட்ஸ், மிஞ்சிப்போனா 16. மீட்டிங் ஆப் பட்ஸ் மைக்கை எடுத்த நொடியே முழு சவுண்டும் அந்தத் தரத்துக்கு இறங்கிடும், விலை அதிகமான பட்ஸ்லயும் இதே கதைதான்.

இதுக்கு செலவில்லாம ஒரு வழி இருக்கு. மீட்டிங் ஆப் செட்டிங்ஸ்ல ஸ்பீக்கர்னு இருக்கற இடத்துல பட்ஸையும், மைக்னு இருக்கற இடத்துல லேப்டாப்போட சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்க. விண்டோஸ் 10ல பட்ஸ் பேர் ரெண்டு தடவை வரும், ஸ்டீரியோன்னு ஒண்ணு, ஹேண்ட்ஸ் ஃப்ரீன்னு ஒண்ணு, ஸ்டீரியோவை எடுங்க. கேம் ஆடறவங்களுக்கு டிஸ்கார்ட்லயும் இதேதான். மாணவர்களுக்கும் உங்க குரல் முன்னைவிட தெளிவா போகும்.

பேஸே இல்ல, தகர டப்பா மாதிரி கேக்குது

ஈக்வலைசரைத் தொடாதீங்க. பாட்டு ஓடறப்ப ரெண்டு பட்ஸையும் விரலால லேசா உள்ள அழுத்திப் பாருங்க. அழுத்தினதும் பேஸ் திம்முன்னு வந்துச்சுன்னா பட்ஸ் நல்ல பட்ஸ்தான், டிப்ஸ்தான் உங்க காதுக்கு சேரல. காது ஓட்டை முழுசா மூடலன்னா அந்த சின்ன இடைவெளி வழியாவே கீழ் ஸ்தாயி சவுண்ட் பூரா வெளிய ஓடிடும். டப்பாவுல சின்னது பெருசுன்னு கூடவே ரெண்டு ஜோடி டிப்ஸ் இருக்கும், முக்கால்வாசி பேர் அதை வெளியவே எடுக்கறதில்ல. தயவுசெஞ்சு போட்டுப் பாருங்க. இடது காதுக்கு நடு சைஸ், வலது காதுக்கு பெருசுன்னு கூட வரலாம், அதுல ஒண்ணும் தப்பில்ல. மாட்டறப்ப இன்னொரு கையால காது மடலை மேல பின்னாடி லேசா இழுத்துட்டு சொருகினா நல்லா உக்காரும்.

டிப்ஸே இல்லாம வெறும் பிளாஸ்டிக்கா காதுல தொங்கற டிசைன்ல இந்த வேலை எடுபடாது, அதுல பேஸ் கம்மிதான், பஸ் சத்தமும் உள்ள வரும். நாள் பூரா காதுல வச்சிருக்கறவங்களுக்கு அது சுகம், ட்ரெயின்ல பாட்டு கேக்கறவங்களுக்கு டிப்ஸ் இருக்கறதுதான் சரி. 13 மில்லிமீட்டர் டிரைவர், 10 மில்லிமீட்டர் டிரைவர்ங்கற நம்பரை வச்சு பேஸை கணக்கு போடாதீங்க, நல்லா ட்யூன் பண்ணின சின்ன டிரைவர் பெருசை விட நல்லா பாடும்.

ஏஎன்சி வேலை செய்யலன்னு சொல்றவங்களும் முதல்ல இதே விரல் டெஸ்ட்டைத்தான் பண்ணணும், ஏன்னா மூடாத காதுல எந்த ஏஎன்சியும் நிக்காது. அப்புறம் ஃபேன் அடில உக்காந்து ஆன் ஆஃப் பண்ணிப் பாருங்க. ஃபேன், ஏசி, பஸ் இன்ஜின் மாதிரி ஒரே சுருதில ஓடற சத்தம் கொறையும், பக்கத்து வீட்டு பேச்சும் குக்கர் விசிலும் கொறையாது. ஏஎன்சி ஆன்ல உஸ்ஸுன்னு லேசா ஒரு இரைச்சல் இந்த விலைல இருக்கும். பட்டை கைக்குள்ள பொத்தினா கீச்சுன்னு விசில் வந்தாலும் பயப்படாதீங்க, மைக்கும் ஸ்பீக்கரும் நேருக்கு நேர் பாத்துக்கறதால வர்றது. சாப்பிடறப்ப, பேசறப்ப தலைக்குள்ள முழங்கற மாதிரி இருக்கறதும் பழுதில்ல, காதை மூடினா யாருக்கும் அப்படித்தான் கேக்கும்.

வாய் ஒரு பக்கம், சவுண்ட் ஒரு பக்கம்

ப்ளூடூத்ல சவுண்டை சுருக்கி அனுப்பி விரிக்கறதுக்கு நேரம் பிடிக்கும், எஸ்பிசி, ஏஏசி மாதிரி சுருக்கற முறைகள்ல 200 மில்லி செகண்ட் மாதிரி ஆகலாம். யூடியூப் மாதிரி ஆப் அந்த தாமதத்தைக் கணக்கு பண்ணி வீடியோவையும் அதே அளவு நிறுத்தி வச்சுடும், அதனால அங்க தெரியாது. கேம்ல அப்படி நிறுத்த முடியாது, சுட்ட அப்புறம்தான் சத்தம் வரும். பட்ஸ்ல கேம் மோடு இருந்தா ஆன் பண்ணுங்க, மூணு தட்டு இல்ல ஆப்ல இருக்கும், தாமதம் நல்லாவே கொறையும், பதிலுக்கு கொஞ்சம் அதிகமா வெட்டும், பேட்டரியும் இழுக்கும். யூடியூப்லயே லிப் சேரலன்னா ஆப்பை மூடிட்டு பட்ஸை ஒரு தடவை டிஸ்கனெக்ட் பண்ணி சேருங்க. கீபோர்டு வாசிச்சுப் பழகறவங்க, ஆடியோ எடிட் பண்றவங்க எல்லாம் ஒயர் ஹெட்போன்லயே இருங்க, அந்த வேலைக்கு இது ஆகாது.

ஃபுல் வால்யூம்லயும் சத்தம் பத்தல

ரெண்டு பக்கமும் சமமா கம்மின்னா போன் வால்யூமும் பட்ஸ் வால்யூமும் தனித்தனியா ஓடலாம். ஆண்ட்ராய்டுல பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும், அதுல 'டிசேபிள் அப்சல்யூட் வால்யூம்'னு இருக்கறதை மாத்திட்டு பட்ஸை திரும்ப கனெக்ட் பண்ணிப் பாருங்க. முதல் தடவை வால்யூமை கம்மியா வச்சுட்டு காதுல போடுங்க, திடீர்னு பலமா வரும். ஐபோன்ல ஹெட்போன் சேஃப்டிங்கற இடத்துல சத்தத்தைக் கட்டுப்படுத்தற பட்டன் ஆன்ல இருக்கலாம். ஆனா வெளிய இருக்கற சத்தத்தை ஜெயிக்கறதுக்காக வால்யூம் ஏத்தறீங்கன்னா, அங்க தீர்வு சரியான டிப்ஸ்தான். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற அளவு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். அதுக்கு மேல ஏறினா பாதுகாப்பான நேரம் வேகமா சுருங்கும், போன காது கேக்கற திறன் திரும்ப வராது. இதை மட்டும் லேசா எடுத்துக்காதீங்க.

சொன்ன பேட்டரி வரவே இல்ல

60 மணி நேரம்னு டப்பாவுல போட்டிருக்கறது கேஸையும் சேர்த்த கணக்கு, அதுவும் பாதி வால்யூம், ஏஎன்சி ஆஃப். நீங்க பாக்க வேண்டியது பட்ஸ் மட்டும் ஒரு சார்ஜ்ல எவ்வளவு ஓடுதுன்னுதான். வாங்கின புதுசுல முழு சார்ஜ் பண்ணிட்டு உங்க வழக்கமான வால்யூம்ல விடாம ஓடவிட்டு, எந்தப் பக்கம் எப்ப சாகுதுன்னு குறிச்சு வச்சுக்கோங்க. ரெண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், போனோட பேசற முக்கிய பட், மைக் ஓடற பட் கொஞ்சம் முன்னாடி தீரும். ஆனா ஒண்ணு அஞ்சு மணி நேரம், இன்னொண்ணு ரெண்டு மணி நேரம்னா புதுசுலயே மாத்திடுங்க. போன்ல 100, 90, 80ன்னு பத்து பத்தாவே இறங்குதேன்னு கவலைப்பட வேண்டாம், நிறைய பட்ஸ் போனுக்கு அப்படித்தான் தகவல் அனுப்பும்.

பழசானதுல பேட்டரி கொறையறது இயற்கை. சீக்கிரம் கொறையாம இருக்கணும்னா வெயில்ல நிக்கற கார் டேஷ்போர்டுலயும் ஸ்கூட்டர் டிக்கிலயும் வைக்காதீங்க, லித்தியம் பேட்டரிக்கு சூடுதான் எமன். மாசக்கணக்கா தொடாம வைக்கறதா இருந்தா பாதி சார்ஜோட வைங்க. அப்படி கிடந்து எழும்பாத பட்ஸை கேஸ்ல போட்டு, கேஸையும் சார்ஜர்ல சொருகி ரெண்டு மூணு மணி நேரம் விட்டா சில நேரம் எழுந்துக்கும்.

கேஸ் உப்பி மூடி சரியா மூடலன்னாலோ, சார்ஜ் போடறப்ப கையில பிடிக்க முடியாத அளவு சூடானாலோ அந்த நிமிஷமே கேபிளை உருவிடுங்க. திரும்ப சார்ஜ் போடாதீங்க, குப்பைத்தொட்டிலயும் போடாதீங்க, ஈ வேஸ்ட் எடுக்கற இடத்துல குடுங்க.

தண்ணி பட்டுடுச்சு

எவ்வளவு தண்ணி தாங்கும்னு டப்பாவுல ஒரு குறியீடு இருக்கும், ஐபிஎக்ஸ்4ன்னா தெறிக்கற தண்ணி, ஐபிஎக்ஸ்5ன்னா பீய்ச்சற தண்ணி, ஐபிஎக்ஸ்7ன்னா 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம். இது நல்ல தண்ணிக்கான டெஸ்ட், சோப்புக்கும் கடல் தண்ணிக்கும் பொருந்தாது, கேஸுக்கு பெரும்பாலும் எந்த பாதுகாப்பும் கிடையாது. அதனால நனைஞ்ச பட்ஸை கேஸ்ல போடறதுதான் ரொம்ப ஆபத்து. துடைச்சு, டிப்ஸ் கழட்டி, ஃபேன் காத்துல வலை கீழ பாக்க வச்சு ஒரு நாள் காயவிடுங்க. ஜிம்முக்குப் போறவங்க தினமும் துடைச்சுட்டே கேஸ்ல வைங்க.

நிஜமாவே கெட்ட பீஸ்னு முடிவாயிடுச்சு

ஆன்லைன்ல வாங்கினா மாத்திக்கற கால அவகாசம் பெரும்பாலும் 7 நாள்தான், ஆர்டர் பேஜ்ல தேதி இருக்கும், பாத்து வச்சுக்கோங்க. அதனால வந்த அன்னிக்கே மேல சொன்ன லெஃப்ட் ரைட் டெஸ்ட், விரல் டெஸ்ட், கால் டெஸ்ட் மூணையும் முடிச்சுடுங்க, பேட்டரி டெஸ்ட்டை ரெண்டு நாளுக்குள்ள. பாதுகாப்பா டப்பாவை அதுவரைக்கும் கிழிக்காதீங்க. சந்தேகமான கடைல வாங்கினதுன்னா டப்பாவுல ஆர்னு ஆரம்பிக்கற பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பாருங்க, கம்பெனி பேர் ஒத்துப்போகலன்னா டூப்ளிகேட்டா இருக்க வாய்ப்பு அதிகம்.

வாரண்டிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கோளாறு நடக்கறதை வீடியோ எடுங்க, வேற போன்லயும் நடக்குதுங்கறதை அதே வீடியோல காமிங்க, ஏன்னா கஸ்டமர் கேர்ல முதல்ல கேக்கறதே "வேற போன்ல பாத்தீங்களா, ரீசெட் பண்ணீங்களா"ன்னுதான். பில், சீரியல் நம்பர் போட்டோ, ரெண்டு பட்ஸும் கேஸும் சேர்த்து அனுப்புங்க, பழுதான ஒரு பட்டை மட்டும் அனுப்பினா நிறைய இடத்துல வாங்கறதில்ல. வாரண்டி இருந்தும் இழுத்தடிச்சாங்கன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், புகார் நம்பர் ஒண்ணு குடுப்பாங்க, அதை கம்பெனிக்கு அனுப்பற அடுத்த மெயில்ல சேர்த்து எழுதுங்க.